கொள்கலனுக்குள் மட்டும் ஏன் பிழை?

2016-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், உலகின் பல நாடுகளில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர்களின் திரைகளில் ஒரே பிழைச் செய்தி தோன்றத் தொடங்கிற்று. ‘லெஃப்ட்-பேட்’ என்னும் தொகுப்பு கிடைக்கவில்லை என்பதே அச்செய்தி. அவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பெயரைக்கூட அதுவரை கேள்விப்பட்டதில்லை. அது வெறும் 11 வரி கொண்ட சிறு நிரல். ரசீது எண் 7 என்பதை 0007 என்று அச்சிட வேண்டுமானால், இடப்பக்கத்தில் மூன்று சுழியங்களைச் சேர்க்க வேண்டும் அல்லவா? அந்தப் பணியைச் செய்து தருவது அது, அவ்வளவுதான்.

அசேர் கோச்சுலு என்னும் நிரலாளர், தொகுப்பு ஒன்றின் பெயர் பற்றி எழுந்த தகராறில் மனம் வெறுத்து, தாம் எழுதிய 250-க்கும் மேற்பட்ட தொகுப்புகளைப் பொதுப் பதிவகத்திலிருந்து நீக்கிக்கொண்டார். லெஃப்ட்-பேட் அவற்றுள் ஒன்று. ‘பாபெல்’ போன்ற பெரிய கருவிகள் அதை நம்பியிருந்தன. அக்கருவிகளை நம்பி எண்ணற்ற செயலிகள் இருந்தன. பதிவகத்தார் சில மணி நேரத்தில் அத்தொகுப்பை மீண்டும் அதே இடத்தில் வைத்த பிறகே நிலைமை சீரடைந்தது.

இந்நிகழ்ச்சியில் பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. அத்தொகுப்பை முன்பே தம் கணிப்பொறியில் இறக்கி வைத்திருந்தவர்களுக்கு அன்று ஒரு தொல்லையும் நேரவில்லை. எல்லாவற்றையும் புதிதாக வரவழைத்துக் கட்டியவர்களே அகப்பட்டுக்கொண்டனர். நிரல் ஒன்றே, நாளும் ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் இயங்கியது, வேறோர் இடத்தில் இயங்கவில்லை.

‘என் கணிப்பொறியில் சரியாகத்தான் ஓடுகிறது, டாக்கரில் போட்டால் மட்டும் வரமாட்டேன் என்கிறது’ என்று இன்று மாணவர்கள் சொல்லும்போதும் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. கொள்கலன் ஒவ்வொரு முறையும் வெறும் தரையிலிருந்து கட்டத் தொடங்குகிறது. ஆகவே அது புதிதாகப் பிழை எதையும் உண்டாக்குவதில்லை. நம் கணிப்பொறி இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்த குறையை வெளியே காட்டுகிறது. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஒரு சோதனையை வேறோர் ஆய்வுக்கூடத்தில் செய்தாலும் அதே விடை வரவேண்டும் என்பதுதானே எங்கள் தொழிலின் அடிப்படை! இங்கும் சிக்கல் அதுதான்.

மளிகைப் பட்டியலும் ரசீதும்

ஜாவாஸ்கிரிப்ட் மொழி 1995-இல், இணைய உலாவிக்குள் சிறு வேலைகள் செய்வதற்காகத் தோன்றியது. 2009-இல் ரயன் டால் என்பவர் ‘நோடு’ என்னும் அமைப்பை வெளியிட்டு, அம்மொழி உலாவிக்கு வெளியேயும் இயங்க வழி செய்தார். அதனை ஒட்டி 2010-இல் ‘என்.பி.எம்.’ தோன்றிற்று. இது ஒருவர் எழுதிய நிரற்பொதியைப் பிறர் எடுத்துப் பயன்படுத்த உதவும் பொதுப் பதிவகம். இன்று அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. நாம் பத்துத் தொகுப்புகளைக் கேட்டால், அவை ஒவ்வொன்றும் தத்தம் தேவைகளைக் கேட்க, முடிவில் பல நூறு தொகுப்புகள் வந்து இறங்குகின்றன. ஒரு தொகுப்பு மற்றொன்றை நம்பி நிற்பதையே ‘சார்பு’ என்கிறோம்.

வெளியூர்க் கல்யாணத்திற்குச் சமைக்கப் போகும் சமையற்காரர் மளிகைப் பட்டியல் எழுதித் தருகிறார். ‘துவரம் பருப்பு, நல்லதாக 10 கிலோ’ என்கிறது பட்டியல். கடைக்காரர் தரும் ரசீதில் எந்த ஆலைப் பருப்பு, என்ன விலை என்பதெல்லாம் இருக்கும். பட்டியல் விருப்பத்தைச் சொல்வது. ரசீது உண்மையில் வந்த பொருளைச் சொல்வது. ஜாவாஸ்கிரிப்ட் செயலியிலும் இவ்வாறு இரண்டு கோப்புகள் உண்டு. ‘பேக்கேஜ்.ஜேசன்’ என்பது பட்டியல். ‘பேக்கேஜ்-லாக்.ஜேசன்’ என்பது ரசீது. இதனைப் பூட்டுக் கோப்பு என்று சொல்லலாம். இது 2017-இல் என்.பி.எம். 5-ஆம் பதிப்போடு வந்தது. ஒவ்வொரு தொகுப்பின் துல்லியமான பதிப்பு எண், அது எந்த முகவரியிலிருந்து வந்தது, வந்த பொதியில் ஓர் எழுத்தேனும் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புக் குறி ஆகிய எல்லாம் அதில் இருக்கும்.

பட்டியலில் எழுதும் பதிப்பு எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. 4.17.1 என்பதில் முதல் எண் பெரிய மாற்றத்தையும், இரண்டாவது புதிய வசதியையும், மூன்றாவது சிறு திருத்தத்தையும் குறிக்கும். முன்னால் கூரைக்குறி இட்டு ^4.17.1 என்று எழுதினால், ‘4.17.1 அல்லது அதற்கு மேல், ஆனால் 5-க்குக் கீழ் எதுவாயினும் சரி’ என்பது பொருள். ஆகவே இன்று 4.17.1 வரலாம், அடுத்த மாதம் 4.18.0 வரலாம். பட்டியலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வந்த சரக்கு மாறிவிட்டது. இரண்டாம் எண் மாறினால் பழைய நிரல் கெடாது என்பது தொகுப்பை எழுதியவர் தரும் வாக்குறுதியே தவிர, இயற்கை விதி அன்று.

இனி உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் சமைப்பவர் பட்டியலில் உப்பை எழுத மறந்தாலும் குழம்பில் உப்பு இருக்கும். அடுப்படியில் உப்பு ஜாடி எப்போதும் இருக்கிறதே! வெளியூர் மண்டபத்தில்தான் உண்மை தெரியும். நம் கணிப்பொறியிலும் என்றோ பொதுவாக நிறுவிய கருவிகள் உப்பு ஜாடிபோல் கிடக்கின்றன. இன்னொரு வகையும் உண்டு. 2015-இல் வந்த 3-ஆம் பதிப்பு முதல், என்.பி.எம். சார்பின் சார்பாக வந்தவற்றையும் இயன்றவரை ஒரே கோப்புறையின் மேல்தட்டிலேயே அடுக்குகிறது. அதனால் நாம் கேட்காத தொகுப்பும் நம் நிரலின் கைக்கு எட்டுகிறது. நாமும் அறியாமல் அதைப் பயன்படுத்திவிடுகிறோம். அதைக் கொண்டுவந்த தொகுப்பு தன் புதிய பதிப்பில் அதனைக் கைவிட்டால், நம் நிரல் காரணம் தெரியாமல் நிற்கும்.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

அ என்னும் தொகுப்பு இ-யின் 1-ஆம் பதிப்பையும், ஆ என்னும் தொகுப்பு இ-யின் 2-ஆம் பதிப்பையும் கேட்கின்றன என்று கொள்வோம். எந்தத் தொகுப்பிலும் ஒரே பதிப்புக்குத்தான் இடம் என்று விதித்தால், அனைவரையும் நிறைவு செய்யும் சேர்க்கையைத் தேடுவது மிகக் கடினமான கணக்காகிவிடும். தொகுப்புகள் கூடக்கூடச் சேர்க்கைகள் மளமளவென்று பெருகும். எல்லா நேரத்திலும் விரைவாக விடை தரும் வழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. என்.பி.எம். இச்சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டிச் சென்றது. ‘இரண்டையும் வைத்துக்கொள்’ என்று இரு பதிப்புகளையும் தனித்தனிக் கோப்புறைகளில் இட்டுவிட்டது. இடம் வீணாகும், சண்டை தீரும்.

ஆனால் சில தொகுப்புகள் ஒன்றுக்குமேல் இருக்கக் கூடாதவை. திரைத் தோற்றங்களை அமைக்கப் பயன்படும் ‘ரியாக்ட்’ அத்தகையது. ஒரே செயலிக்குள் அதன் இரண்டு படிகள் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். எனவே ரியாக்ட்டோடு சேர்ந்து இயங்கும் தொகுப்புகள், ‘எனக்கென்று தனியாக வேண்டா, நீங்கள் வைத்திருக்கும் ரியாக்ட் இந்தப் பதிப்பாக இருந்தால் போதும்’ என்று நிபந்தனை இடுகின்றன. இதற்கு ‘பியர்’ சார்பு என்று பெயர். இங்கே இரண்டையும் வைத்துக்கொள்ளும் உபாயம் செல்லாது.

இந்த நிபந்தனை மீறப்பட்டால், என்.பி.எம். 6-ஆம் பதிப்புவரை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். 2020 அக்டோபரில் வந்த 7-ஆம் பதிப்பு பணியையே நிறுத்திவிடுகிறது. ‘இ-ரிசால்வ்’ என்னும் பிழையைக் காட்டுகிறது. உங்கள் மேசையில் நோடு 14 இருந்தால் அதனுடன் வந்தது என்.பி.எம். 6. கொள்கலனில் அதைவிடப் புதிய நோடு இருந்தால் 7 அல்லது அதற்கு மேற்பட்டது. அங்கே எச்சரிக்கை, இங்கே பிழை. முரண்பாடு இரண்டிடத்திலும் இருந்தது!

இப்பிழைக்கு ‘ஃபோர்ஸ்’, ‘லெகசி-பியர்-டெப்ஸ்’ என்று இரண்டு விசைச் சொற்களை மாணவர்கள் மந்திரம்போல் கற்றுவைத்திருக்கிறார்கள். ஃபியூஸ் போய்விட்ட இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவதற்கு ஒப்பானது இது. விளக்கு எரியும்தான். ‘என்.பி.எம். எக்ஸ்பிளெயின்’ என்று தட்டி, அடுத்துத் தொகுப்பின் பெயரை இட்டால், அதை யார் கேட்டார்கள், எந்தப் பதிப்பைக் கேட்டார்கள் என்னும் வழித்தடம் முழுதும் வரும். பெரும்பாலும் பழைய தொகுப்பு ஒன்று குறுக்கே நிற்பது தெரியும். அதன் புதிய பதிப்புக்கு மாறுவதோ, மாற்றுத் தொகுப்பைத் தேடுவதோதான் வழி.

கொள்கலன் என்பது யாது?

1956 ஏப்ரலில் ‘ஐடியல்-எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் போயிற்று. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அமைப்புள்ள பெட்டி என்பதே அதன் புதுமை. 2013-இல் வெளிவந்த டாக்கர், மென்பொருளுக்கு அதே கருத்தைப் பயன்படுத்திற்று. செயலி, அதற்கு வேண்டிய நூலகங்கள், கோப்புகள் எல்லாம் ஒரு படிமமாகக் கட்டப்படுகின்றன.

கொள்கலன் முழுக் கணிப்பொறி அன்று. அது தாங்கும் இயந்திரத்திலுள்ள லினக்ஸ் கருவையே பயன்படுத்திக்கொள்கிறது. கருவுக்கு மேலுள்ள எல்லாம் அதற்குச் சொந்தம். விண்டோஸிலோ மேக்கிலோ டாக்கர் ஓடும்போது, அடியில் ஒரு லினக்ஸ் மறைவாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, நீங்கள் விண்டோஸில் எழுதிய செயலி முதன்முறையாக லினக்ஸைச் சந்திக்கும் இடமும் கொள்கலன்தான். பல பிழைகளுக்கு இந்தச் சந்திப்பே காரணம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

பாயில் விதியைச் சோதிக்கும் மாணவன் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஒருசேர மாற்றினால் பருமன் ஏன் மாறியது என்று சொல்ல முடியாது. ஆனால் கொள்கலனில் பிழை வந்ததும் பலர் செய்வது என்ன? பூட்டுக் கோப்பை அழிக்கிறார்கள். தொகுப்புகள் உள்ள ‘நோடு-மாட்யூல்ஸ்’ கோப்புறையை அழிக்கிறார்கள். நோடு பதிப்பையும் மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி நிறுவுகிறார்கள். பிழை போய்விட்டாலும் எதனால் போயிற்று என்று தெரியாது. அதைவிடக் கேடு ஒன்று உண்டு. பூட்டுக் கோப்பை அழித்ததும் பல நூறு தொகுப்புகள், எவரும் சோதித்துப் பாராத புதுப் பதிப்புகளுக்கு ஒரே நொடியில் தாவிவிடுகின்றன. 2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ என்னும் தொகுப்பை எழுதியவரே அதன் புதிய பதிப்பில் முடிவில்லாமல் சுழலும் வளையம் ஒன்றை வேண்டுமென்றே புகுத்திவிட்டார். பழைய பதிப்பைப் பூட்டுக் கோப்பில் பிடித்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

எனவே முதலில் பூட்டுக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து, மேசையிலும் கொள்கலனிலும் நோடு, என்.பி.எம். பதிப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செய்முறைக் கோப்பில் ‘நோடு: லேட்டஸ்ட்’ என்று இருந்தால், அது இன்று ஒன்றையும் ஆறு மாதம் கழித்து வேறொன்றையும் குறிக்கும், குறித்த எண்ணையே எழுத வேண்டும். ‘என்.பி.எம். இன்ஸ்டால்’ என்னும் இடத்தில் ‘என்.பி.எம். சி.ஐ.’ என்று எழுதுங்கள். 2018-இல் வந்த இக்கட்டளை ரசீதில் உள்ளதை உள்ளவாறே வாங்கி வரும். பட்டியலும் ரசீதும் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்பது நன்மைக்கே.

இவ்வளவும் செய்த பின்னும் ‘இன்வேலிட் எல்ஃப் ஹெடர்’ என்று வந்தால் மகிழ்ச்சி அடையலாம். காரணம் தெளிவாகத் தெரியும் பிழை இது. லினக்ஸில் இயங்கும் இருமக் கோப்பு ஒவ்வொன்றும் 7எஃப், 45, 4சி, 46 என்னும் நான்கு பைட்டுகளோடு தொடங்கும். பின் மூன்றும் இ, எல், எஃப் என்ற ஆங்கில எழுத்துகளே. விண்டோஸ் கோப்பு எம், இசட் என்று தொடங்கும். கடவுச்சொல்லை மறைக்கும் ‘பிகிரிப்ட்’, படங்களைச் சுருக்கும் ‘ஷார்ப்’ போன்ற தொகுப்புகளுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமின்றி, அந்தந்த இயங்குதளத்திற்கென்று ஆக்கிய இருமப் பகுதியும் உண்டு. செய்முறைக் கோப்பில் ‘எல்லாவற்றையும் உள்ளே நகலெடு’ என்று எழுதியதால், விண்டோஸில் நிறுவிய நோடு-மாட்யூல்ஸ் கோப்புறையும் உள்ளே போய், கொள்கலன் தனக்கென நிறுவியதன்மேல் அமர்ந்துவிட்டது. ‘டாட்-டாக்கர்-இக்னோர்’ கோப்பில் அக்கோப்புறையின் பெயரை ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

இதைவிட நுட்பமானது ஆல்பைன் படிமத்தில் வருவது. படிமம் மிகச் சிறியது என்பதால் பலரும் இதை விரும்புகிறார்கள். டெபியன் முதலிய லினக்ஸ் வகைகளில் சி மொழியின் அடிப்படை நூலகம் ‘ஜி-லிப்சி’. ஆல்பைனில் இருப்பதோ ‘மசல்’. முன்னதற்கென்று ஆக்கிய இருமக் கோப்பு இயங்கத் தொடங்கும்போது முதலில் ஜி-லிப்சியின் ஏற்றியைத் தேடும். ஆல்பைனில் அது இல்லை. ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று செய்தி வரும். நீங்கள் போய்ப் பார்த்தால் உங்கள் தொகுப்பின் கோப்பு அங்கேயே இருக்கும்! இல்லாதது அந்தக் கோப்பன்று, அது தேடிய ஏற்றி. மசலுக்கென்று ஆயத்தமான இருமம் கிடைக்காதபோது, தொகுப்பு தானே மூலத்திலிருந்து ஆக்கிக்கொள்ள முயலும். அதற்குப் பைத்தான், மேக், சி++ தொகுப்பி ஆகியவை வேண்டும். சிறிய படிமங்களில் இவை இரா. என்னைக் கேட்டால், தொடக்கத்தில் டெபியன் வகைப் படிமத்தையே எடுத்துக்கொள்வது நலம். சில மெகாபைட்டு மிச்சத்திற்காக இரண்டு நாள் தேடுவதில் இலாபம் இல்லை.

பூட்டுக் கோப்பை அழிக்காதீர்கள் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. 2023-இல் வந்த ‘ரோலப்’ 4-ஆம் பதிப்பு, தன் இருமப் பகுதியை ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் தனித் தொகுப்பாக்கி, விருப்பச் சார்பாக வைத்திருக்கிறது. நிறுவும் இயந்திரத்திற்கு ஏற்ற ஒன்று மட்டும் இறங்கும். ஆனால் என்.பி.எம்.மில் ஒரு குறை: சில நேரங்களில், உங்கள் இயந்திரத்தில் இறங்கிய ஒன்றை மட்டும் ரசீதில் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். அந்த ரசீதைக் கொள்கலனுக்குள் கொடுத்தால், ‘ரோலப்-லினக்ஸ்-எக்ஸ்64-ஜிஎன்யு’ கிடைக்கவில்லை என்று வரும். ரசீதிலேயே இல்லாததைச் சி.ஐ. கட்டளை எவ்வாறு கொண்டுவரும்? பூட்டுக் கோப்பையும் நோடு-மாட்யூல்ஸையும் நீக்கி மறுபடி நிறுவுமாறு ரோலப்பின் பிழைச் செய்தியே அறிவுரை கூறுகிறது. அப்போதும் பழைய ரசீதை ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, புதியதோடு ஒப்பிட்டு, என்னென்ன பதிப்புகள் மாறின என்று பார்த்துவிடுங்கள்.

தலைகீழான வியப்பும் ஒன்று உண்டு: திருத்திய பிறகும் பழைய பிழையே வருவது. டாக்கர் செய்முறையின் ஒவ்வொரு வரியின் விளைவையும் சேமித்து வைத்து, வரி மாறாவிட்டால் பழையதையே எடுத்துத் தரும். ‘நிறுவு’ என்னும் வரியின் சொற்கள் மாறவில்லை, அதற்கு முன் நகலெடுத்த கோப்புகளும் மாறவில்லை என்றால், பதிவகத்தில் என்ன மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. ‘நோ-கேஷ்’ என்று சேர்த்து ஒருமுறை கட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். பட்டியலையும் ரசீதையும் மட்டும் முதலில் நகலெடுத்து, நிறுவி, அதன் பிறகே மற்ற நிரல்களை நகலெடுப்பது நல்ல வழக்கம். நிரலில் ஒரு வரி மாறியதற்காகத் தொகுப்புகள் எல்லாம் மீண்டும் இறங்க வேண்டியதில்லை.

மற்றவை சிறியவை. ‘டி.எஸ்.சி. நாட் ஃபவுண்ட்’ என்பதுபோல் கட்டும் கருவியே காணவில்லை என்றால், ‘நோடு-என்வ்’ என்னும் மாறி ‘புரொடக்‌ஷன்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். அந்நிலையில் உருவாக்கக் காலத்துச் சார்புகளை என்.பி.எம். நிறுவாது. படிமம் சரியாகக் கட்டப்பட்டும் இயக்கும்போது தொகுப்புகள் காணாமற்போனால், வெளிக் கோப்புறை ஒன்றை நிரல் இருக்கும் இடத்தின்மேல் பொருத்தி, உள்ளிருப்பதை மறைத்திருப்பீர்கள். நீங்களே எழுதிய கோப்பைக் காணவில்லை என்று சொன்னால் பெயரின் எழுத்துகளைக் கவனியுங்கள். பெரிய ‘பி’யும் சிறிய ‘பி’யும் விண்டோஸுக்கு வழக்கமாக ஒன்றே, லினக்ஸுக்கு வேறு வேறு.

நிறுவும் பணி பாதியில் ஒரு செய்தியும் இன்றி நின்று, 137 என்னும் எண் மட்டும் தோன்றுவதும் உண்டு. இது 128-உடன் 9-ஐக் கூட்டியது. 9 என்பது லினக்ஸில் ஒரு பணியைக் கட்டாயமாக நிறுத்தும் சைகையின் எண். பெரும்பாலும் நினைவகம் போதாமையால் கருவே அப்பணியை நிறுத்தியிருக்கும். அப்போது சார்புகளைத் தேடிப் பயனில்லை. டாக்கருக்கு ஒதுக்கியுள்ள நினைவகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.